கழுதை தொடாத பூ

லெட்சுமணன் அதிகம் பேசமாட்டார். மன்னாரில், தாராபுரத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதையைக் கடந்து போகும் ஒரு சின்ன வீதியில் அவருக்குக் கேற் காக்கும் வேலை. தகரம் போட்ட ஒரு குடில், ஒரு கதிரை, ஒரு தொலைபேசி, சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடிகள், ஏற்றி இறக்கக் கயிறு கட்டிய ஒரு நீளத் தடி. அதுதான் அவருடைய கந்தோர். தலைமன்னாருக்குப் போகிற ரயிலும் அங்கிருந்து திரும்புகிற ரயிலும் போய்விட்டால், மீதி நேரமெல்லாம் காற்றும் மணலும் கழுதைகளும்தான். மன்னார்த் தீவில் கழுதைகளுக்கு வீடு வாசல் கிடையாது. நினைத்த இடத்தில் நிற்கும், நினைத்ததைத் தின்னும். தண்டவாளத்தில் நிற்கிற கழுதைகளைக் கலைப்பதும் நாளடைவில் அவருடைய வேலையாகிவிட்டது.

அவர் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயம் எரிந்தபோது பத்து வயது. தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் ஓடி ஒளிந்ததும், பிறகு லொறி ஏறி வன்னிக்கு வந்ததும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. வன்னிப் பள்ளிக்கூடத்தில் அவர் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் சிரித்தார்கள். "வரேன், போறேங்க" என்று சொல்லிப் பார்ப்பார்கள். மெல்ல மெல்ல 'வாறன், போறன்' பழகினார். ஆனால் அவர் வாயில் அது இரவல் சட்டை மாதிரி எங்கேயோ இடித்தது. தலையை ஆட்டி முடிக்கக்கூடிய காரியத்துக்குப் பேச வேண்டியதில்லை என்று அந்த வயதிலேயே முடிவு செய்துவிட்டார்.

போர் முடிந்து, முகாமெல்லாம் முடிந்து, தலைமன்னார்ப் பாதையைத் திரும்பப் போடுகிற வேலைக்குக் கூலியாளாக மன்னாருக்கு வந்தார். பாதை திறந்ததும் கேற் காக்க ஆள் தேடினார்கள். இவர் இருந்துகொண்டார். மனைவி அருளம்மாவும் வந்தாள். வீட்டுத் திட்டத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்தது.

அருளம்மாவுக்கு மன்னார் பிடிக்கவில்லை. அவளும் மலையில் பிறந்தவள். வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குரு போட்டுவிடும். அதைவிட அவளுக்குப் பெரிய குறை வேறொன்று.

"ஒரு பூ கூட இல்லாத ஊருங்க இது," என்பாள். "காலையில எந்திரிச்சு வெளியில பாத்தா மணலு. சாயந்தரம் பாத்தாலும் அதே மணலு."

மகள் துஷ்யந்தி கொழும்பில் உடுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது தலவாக்கலைப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு மலைநாட்டுக்கே போய்விட்டாள். அவளுக்கு முதல் பிள்ளை பிறக்கிற சமயம் அருளம்மா உதவிக்குப் போனாள். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிந்ததும் வந்துவிடுவேன் என்றுதான் சொல்லிப் போனாள். பிறகு பிள்ளைக்குப் பல் முளைக்கட்டும் என்றாள். அதன் பிறகு மகள் வேலைக்குப் போகிறாள், பார்க்க ஆளில்லை என்றாள். அப்புறம் இரண்டாவது பிள்ளை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. யாராவது கேட்டால், "பேரப்பிள்ளைகளப் பாக்கிறா," என்பார் லெட்சுமணன். கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

அங்கே வந்து இருங்கள் என்று மகள் கூப்பிட்டாள். "கேற்றை யார் பாக்கிறது?" என்று அவர் கேட்டார். கேற்றைப் பார்க்க வேறு ஆள் கிடைக்காமலில்லை. அந்த மலையை மறுபடி பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அருளம்மாவிடம்கூட.

முற்றத்தில் பூ இருந்தால் அவள் வந்து தங்கக்கூடும் என்று ஒரு எண்ணம் அவருக்குள் விழுந்தது. ரோசாக் கன்று வாங்கி வந்து நட்டார். கம்பி வேலிக்குள் தலையை நுழைத்து ஒரு கழுதை முள்ளோடு சேர்த்துத் தின்றது. செவ்வரத்தை நட்டார். அதுவும் போயிற்று. செவ்வந்தியை ஆடு முடித்தது. ஆடு விட்ட மிச்சத்தை உப்புக் காற்று கருக்கியது.

ஒரு முறை அருளம்மா பார்க்க வந்தபோது ஒரு சொப்பிங் பை நிறையக் கிழங்குகள் கொண்டுவந்தாள்.

"லில்லிக் கெழங்குங்க. பழைய பங்களாவுக்குப் பின்னால ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குது. ஆடு மாடு எதுவும் வாய் வைக்காது. உங்க கழுதையும் வைக்காதுன்னு நெனைக்கிறேன். நட்டுப் பாருங்க."

ஒரு வாரம் இருந்தாள். கழுத்தில் வேர்க்குரு வந்ததும் போய்விட்டாள்.

அந்த மாரிமழை விட்டு, பனி தொடங்கியபோது கிழங்குகளிலிருந்து விரல் தடிப்பில் தண்டுகள் கிளம்பின. ஒவ்வொரு தண்டின் நுனியிலும் இரண்டு மூன்று பூக்கள், உள்ளங்கை அகலத்துக்கு, நல்ல சிவப்பு. வெள்ளை மணலுக்கு மேல் அந்தச் சிவப்பைப் பார்த்தால் கண் கூசியது. வழக்கமாக வருகிற கழுதை ஒன்று வந்து ஒரு பூவை மோந்தது. உதட்டைச் சுருட்டியது. பெரிதாக ஒரு தும்மல் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தது. லெட்சுமணன் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஐயா சிரிச்சு இண்டைக்குத்தான் கேக்கிறன்," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

அடுத்த வளவு றிஸானா. அவளுடைய கணவன் ஹில்மி மீன் லொறி ஓட்டுகிறவன். கொழும்புக்குப் போனால் இரண்டு மூன்று நாளைக்கு ஆளைக் காணமுடியாது. இரண்டு பெண் பிள்ளைகள்: நுஸ்ரியா பள்ளிக்கூடம் போகிறவள், கதீஜா இன்னும் சின்னவள். றிஸானா பிறந்தது புத்தளத்தில், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் முகாமில். கலியாணம் முடித்துத்தான் தாய் தகப்பனின் ஊருக்கு வந்தாள். "ஊர் எங்கட ஊர்தான் ஐயா, ஆனா எனக்கு ஒருத்தரையும் தெரியாது," என்று அவள் ஒரு நாள் சொன்னது லெட்சுமணனுக்குப் பிடித்திருந்தது. அப்படி ஒரு விஷயத்தை இவ்வளவு லேசாகச் சொல்லலாம் என்று அவர் அறிந்திருக்கவில்லை.

அன்று அவள் தன் கைபேசியில் பூக்களைப் படம் எடுத்து, நம்பரை வாங்கித் துஷ்யந்திக்கு அனுப்பினாள். பின்னேரம் அருளம்மாவின் குரல் பதிவாகி வந்தது.

"நல்லா பூத்திருக்குங்க. இங்கயும் பூத்திருக்கு."

அவ்வளவுதான். லெட்சுமணன் அதை இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் தரம் கேட்க வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வளவுக்கும் இடையில் ஒரு பழக்கம் உண்டாயிற்று. இவர் வீட்டு முருங்கைக்காய், தேசிக்காய், எப்போதாவது ஒரு பப்பாசி என்று பையில் போட்டு, வேலியின் மூலைக் கம்பத்தில் மாட்டிவிட்டு வேலைக்குப் போவார். திரும்பி வரும்போது அதே பையில் ஒரு கிண்ணம் இருக்கும். பொரித்த மீன், றொட்டி, பெருநாளென்றால் வட்டிலப்பம். கூப்பிடவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். கம்பத்தில் பை தொங்கினால் அது மற்றவருக்கு. பேசாத மனிதருக்கு அது பெரிய வசதியாக இருந்தது. நாலைந்து வருடம் அப்படிப் போனது.

கிழங்குகள் பெருகிக்கொண்டே இருந்தன. ஒரு புரட்டாதி மாதம், இலையெல்லாம் காய்ந்து மடிந்திருந்த நேரம், நெருக்கியடித்துக் கிடந்தவற்றைப் பிரித்து நடலாம் என்று கிண்டினார். பெரிய கிழங்குகளைச் சுற்றிச் சின்னக் குட்டிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. குட்டிகளைக் கழற்றி, மண் போகக் கழுவி, சாக்கில் காயவைத்தார். வேலைக்குப் போக நேரமானது. நிலத்தில் விட்டால் எறும்பு பிடிக்கும் என்று பையில் அள்ளினார். முருங்கை நிழல் விழுகிற இடமாகப் பார்த்து மாட்டினார். நிழல் விழுந்தது அந்த மூலைக் கம்பத்தில்தான். அந்தக் கம்பத்தில் தொங்குகிற பை யாருக்கு என்பது அன்று அவருக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் கழிந்து, தலைமன்னாருக்குப் போகிற ரயில் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நுஸ்ரியா செருப்பில்லாமல் சுடுமணலில் ஓடிவந்தாள்.

"ஐயா, உம்மா சத்தி எடுக்கிறா. தங்கச்சியும் எடுக்கிறா. சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்தும் நிக்குதில்லை. உம்மாவுக்கு எழும்ப ஏலாம இருக்கு."

"வாப்பா?"

"கொழும்பில."

வீதியில் ஒரு ஓட்டோ வந்தது. ஓட்டுகிற ஜுனைட்டை அவருக்கு முகப் பழக்கம் உண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக லெட்சுமணன் வீதிக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து ஒரு வாகனத்தை மறித்தார். பிள்ளையை அதில் ஏற்றி, வீட்டைச் சொல்லி, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ தம்பி, கெதியா," என்றார்.

ஓட்டோ வீட்டுப் பக்கம் போனது. தொலைபேசி அடித்தது. மன்னாரிலிருந்து ரயில் புறப்பட்டுவிட்டது.

அவர் தடியை இறக்கினார்.

ஓட்டோ திரும்பி வந்து மூடிய கேற்றுக்கு முன்னால் நின்றது. பின்னால் றிஸானா ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். கதீஜா அவள் மடியில் துணி மாதிரித் துவண்டிருந்தாள். நுஸ்ரியா இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஐயா, தூக்குங்கோ!" என்று கத்தினான் ஜுனைட். "இன்னும் கோச்சியைக் காணேல்லை. நான் டக்கெண்டு போயிடுவன்."

லெட்சுமணன் பாதையைப் பார்த்தார். வளைவுக்கு அப்பால் பனைகளுக்குள் இருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. கயிற்றை விட்டால் தடி மேலே போய்விடும். றிஸானா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"ஏலாது தம்பி," என்றார். "கோச்சி வருது."

ரயில் அன்று ஆடி அசைந்துதான் வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஜன்னலோரம் இருந்த யாரோ கை காட்டினார்கள். கடைசிப் பெட்டி தாண்டியதும் தடியைத் தூக்கினார். ஓட்டோ பாய்ந்து போனது. அவர் பச்சைக் கொடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

மாற்று ஆள் ரவிசந்திரனைப் போனில் கூப்பிட்டு வரவழைத்துவிட்டு, சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு இளம் பெண் டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கள் அம்மா?"

"சோறு, பருப்பு, சம்பல்," என்றாள் றிஸானா. தொண்டை கம்மியிருந்தது. "சம்பல் கொஞ்சம் கசந்தது. தேசிக்காய்ப் புளி கூடிப் போச்செண்டு நினைச்சன். பெரியவள் வாயில வைச்சிட்டுத் துப்பிட்டாள்."

"சம்பலுக்கு என்ன போட்டது?"

"தேங்காய், மிளகாய், வெங்காயம். ஐயா தந்த சின்ன வெங்காயம்." அவள் தலையைத் திருப்பி லெட்சுமணனைப் பார்த்தாள். "வெட்டேக்க கண் எரியேல்லை. பழசாக்கும் எண்டு நினைச்சன் ஐயா."

"நான் வெங்காயம் தரல்லியே பிள்ளை," என்றார் அவர்.

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

"லில்லிக் கிழங்கு," என்றார் டொக்டரிடம். "பூக்கிற லில்லி. நான்தான் கம்பத்தில மாட்டினேன்."

டொக்டர் ஒரு கிழங்கைக் கொண்டுவரச் சொன்னார். லெட்சுமணன் போய் எடுத்து வந்து கொடுத்ததும், டொக்டர் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"யாரும் ஏமாறுவினம்," என்றார். "அமரில்லிஸ் குடும்பம் எண்டு சொல்லுறது. வெங்காயம், உள்ளி எல்லாத்தையும் இப்ப அதுக்குள்ளதான் சேர்த்திருக்கினம். இது நஞ்சுள்ள பக்கம். கொஞ்சமாச் சாப்பிட்டபடியால் பயமில்லை. சத்தி நிண்டிடும். நாளைக்கு வீட்ட போகலாம்."

டொக்டர் சொன்னதில் 'பயமில்லை' என்பதை றிஸானா கேட்டாள். 'நஞ்சு' என்பதை மட்டும் லெட்சுமணன் கேட்டார்.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தார். முற்றத்தில் இருந்த கிழங்கெல்லாவற்றையும் கிண்டினார். பெரியது, சின்னது, விரல்நகம் அளவு குட்டி எதையும் விடவில்லை. தூக்கி எறிந்தால் யாராவது எடுப்பார்கள், எரிக்கவும் எரியாது. ஆகவே இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டி எல்லாவற்றையும் போட்டு மூடினார். வேலை முடிந்தபோது கை இரண்டும் அரித்தது. சோறு ஆக்கவில்லை.

ஹில்மி மறுநாள் வந்தான். மனைவியையும் பிள்ளையையும் கூட்டிவந்து விட்டுவிட்டு இவருடைய வாசலுக்கு வந்தான். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஐயா, உங்களில எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை. தெரியாம நடந்தது. அல்லாஹ் காப்பாத்தினான்." வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஆனா நான் வீட்டில நிக்கிறது குறைவு. சின்னப் பிள்ளையள் இருக்கிற இடம். வேலிக்குத் தகரம் அடிக்கப் போறன். மனசில வைச்சுக்கொள்ளாதீங்கோ."

"அடிங்க," என்றார் லெட்சுமணன். "அதுதான் சரி."

தகரம் அடிக்கிறபோது இவரும் போய்ப் பிடித்துக் கொடுத்தார். ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. மூலைக் கம்பம் அந்தப் பக்கம் போய்விட்டது.

தேநீர்க் கடையில் கதை வேறு விதமாக நடந்தது. சீவன் போகிற நேரத்திலும் கேற்றைத் திறக்காமல் நின்றாராம் என்றார்கள். கல்நெஞ்சு என்றார் ஒருவர். திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஜுனைட்தான் அவர்களிடம் வாதாடினானாம். லெட்சுமணன் அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டார். வேலைக்குப் போவார், வருவார். சில நாட்களில் தொலைபேசியில் ஸ்டேஷன்காரர்களிடம் "ஓம்" என்று சொன்னதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. மாரிமழை வந்தது. முற்றத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. வாய் வைக்க எதுவும் இல்லாததால் கழுதைகளும் வேறு வளவுகளைத் தேடிப் போயின.

நடந்ததை அருளம்மாவுக்குச் சொல்ல அவருக்கு மாதக் கணக்கானது. ஒருநாள் போனில் அவள் பேரப்பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நடுவில் சொல்லிவிட்டார்.

"நான் கொண்டாந்தது," என்றாள் அவள்.

அந்தக் கிழமையே வந்து இறங்கினாள். பையை வீட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே றிஸானா வீட்டு வாசலுக்குப் போனாள். இவர் தன் முற்றத்திலேயே நின்றார். தகரத்துக்கு அப்பால் பேச்சு மட்டும் கேட்டது.

"நான் அவரோட சம்சாரம். அந்தக் கெழங்கக் கொண்டாந்தவ நான்தான். நஞ்சுன்னு தெரியும், ஆடு திங்காதுன்னா வேற என்னவா இருக்கும்? ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டேன். என்னய மன்னிச்சிரும்மா."

"என்ன கதை இது," என்றது றிஸானாவின் குரல். "கண் எரியாத வெங்காயத்தைப் போட்டுச் சம்பல் இடிச்சது நானெல்லோ. வாங்கோ, உள்ள வந்து இருங்கோ. அவர் ஏன் பூவெல்லாத்தையும் கிண்டினவர்? எனக்கு அதுதான் கவலை. அவர் என்னோட கதைக்கிறதும் இல்லை. நான் தகரத்தில தட்டிப் பார்த்தன், சத்தம் இல்லை."

அது உண்மை. அவள் தட்டியதை அவர் கேட்டிருந்தார். எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

அருளம்மா வெகுநேரம் அங்கே இருந்தாள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. வரும்போது கையில் ஒரு கிண்ணம் இருந்தது.

வந்த மூன்றாம் நாளே கழுத்தைச் சொறியத் தொடங்கினாள். பேரப்பிள்ளைகள் போனில் அழுதன. லெட்சுமணன் அவளை பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். வவுனியா பஸ் புறப்பட நேரமிருந்தது. இரண்டு பேரும் சீமெந்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா?" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"நான் இனி இங்க வந்து இருக்க மாட்டேன். அடுத்த மாசம், அடுத்த வருசம்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு. எனக்கு அங்கதான் மூச்சு வருது. உங்க மேல கோவமெல்லாம் இல்ல."

"தெரியும்," என்றார்.

"எப்ப இருந்து?"

அவர் யோசித்தார். "கெழங்கு கொண்டு வந்தியே, அப்ப இருந்து. திரும்பி வந்து இருக்கப் போறவன்னா தன் கையால நட்டிருப்பா, இம்புட்டையும் என்கிட்டத் தந்துட்டுப் போவாளா?"

அருளம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நீங்களாவது அங்க வரலாமில்ல?"

அப்போதுதான் அவர் சொன்னார். எரிந்த லயத்தை, தேயிலைக்குள் கேட்ட சத்தங்களை, தகப்பனின் கை தன் கையை இறுக்கியதில் விரல் கன்றிப்போனதை. இத்தனை வருடக் குடித்தனத்தில் சொல்லாததைச் சன நெரிசலுக்கு நடுவில், கொண்டக்டர் "வவுனியா, வவுனியா" என்று கத்திக்கொண்டிருக்கும்போது சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலால் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள்.

அடுத்த தீபாவளிக்கு லெட்சுமணன் லீவு போட்டுத் தலவாக்கலைக்குப் போனார். பஸ் மலை ஏறத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார் என்று அவரே பிறகு றிஸானாவிடம் சொல்லியிருக்கிறார். நாலு நாள் இருந்தார். குளிர் தாங்கவில்லை. அங்கே எல்லாரும் அவர் பேச்சைக் கேட்டு, "தாத்தா யாழ்ப்பாணத்து ஆளு மாதிரிப் பேசுறாரு," என்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார். இப்போது வருடத்துக்கு ஒரு தரம் போகிறார்.

தகரம் அப்படியே இருக்கிறது. ஹில்மி கழற்றவில்லை, இவரும் கேட்கவில்லை. றிஸானா முன் வாசலால் வந்து பேசுவாள். கொண்டுவருவதைக் கையில் கொடுப்பாள். இவரும் முருங்கைக்காயைப் பையில் போட்டு மாட்டாமல் கையில்தான் கொடுக்கிறார். முகம் பார்த்துப் பேசுகிற ஒரு போனை வாங்கச் சொல்லி, எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

பின்னேர வேலை முடிந்து வந்தால், போனைச் சமையலறைப் பலகைத் தட்டில் ஒரு போத்தலோடு சாய்த்து வைத்துவிட்டு லெட்சுமணன் அரிசி களைவார். அந்தப் பக்கம் அருளம்மா தேங்காய் திருவிக்கொண்டிருப்பாள். அதிகம் பேசுவதில்லை. "என்ன கறி?" என்பாள். "கருவாடு," என்பார். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் பனிமூட்டம் தெரியும். பிள்ளைகள் யாராவது குறுக்கே ஓடுவார்கள். சில நாள் சிக்னல் அறுந்து அவள் முகம் பாதியில் நின்றுவிடும். அவர் மறுபடி கோல் எடுப்பதில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, ஒரே ஒரு சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருவார்.